யந்திரம் வேலை செய்யேல்லை

"யந்திரம் வேலை செய்யேல்லை, கெதியா வாங்கோ."
டொக்டர் யசோதினி சொன்னது அவ்வளவுதான்.
அவருக்குப் பின்னால் யாரோ ஒரு பிள்ளை
வாயை மூடாமல் அழுதது கேட்டது.

நூறாம் இலக்க பஸ்.
ஒரு கையில் கருவிப் பெட்டி,
மற்றக் கையில் என் முழுப் பாரம்.
வெள்ளவத்தையில் புடவைக் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
பின் யன்னலில் கடல்,
கடலுக்கு முன்னால் தண்டவாளம்.
பிள்ளையைப் பஞ்சு வைத்து அனுப்பியிருந்தார்கள்.
பாதி வேர் துப்பரவாகி, பாதி அப்படியே.

வயர் இல்லாத கருவி.
ஒரு துவாரம் இல்லை, கிருமி ஒளிய மடிப்பில்லை,
முழுசாக நீராவியில் அவிக்கலாம்.
இரவில் தாங்கியில் நிறுத்தினால் போதும்:
தாங்கிக்குள் ஒரு செப்புச் சுருள்,
கருவியின் அடியில் இன்னொன்று,
நடுவில் நான்கு மில்லிமீட்டர்.
ஒன்று துடித்தால்,
காலிமுகத்திடலில் அச்சாறு வண்டியைக் கண்ட வாய் மாதிரி
மற்றதில் கரண்ட் ஊறும்.
தொடத் தேவையில்லை.
விற்கப் போகிற இடமெல்லாம் இதைச் சொல்வேன், சிரிப்பார்கள்.
இங்கே சொல்லிப் பார்த்தேன்.
டொக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

முதலில் ரயிலைச் சந்தேகித்தேன்,
பிறகு உப்புக் காற்றை.
பிறகு கருவியிடமே கேட்டேன்.
காற்று வழியே என் தொலைபேசிக்கு
பத்து நாள் கணக்கை ஒப்புவித்தது.
கருவிக்கு மானம் ரோசம் கிடையாது,
எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

செவ்வாய் இரவு: தாங்கியில் வைக்கப்படவில்லை.
புதன் காலை: ஒரு பல்லின் நடுவில் நின்றது.
யாரோ மறந்திருக்கிறார்கள். நடப்பதுதான்.
ஆனால் புதன் இரவிலிருந்து
விடிய விடியத் தாங்கியில் நின்றும்
பன்னிரண்டு வீதத்தைத் தாண்டவில்லை.
தாங்கிக்கு மட்டும் காய்ச்சல், நாற்பத்தாறு பாகை.

தாங்கியைத் தூக்கினேன்.
அடியில் நெருப்புப் பெட்டி அளவில்
கட்டம் கீறி, எழுத்து வெட்டி,
மஞ்சள் தடவிய செப்புத் தகடு.

"மிஸ், அது யந்த்ரய,"
எச்சில் உறிஞ்சும் குழாயைக் கையில் பிடித்தபடி
வாசலில் இனோகா.
அவளுடைய தமிழ் இந்த நாற்காலியடியில் பொறுக்கியது:
ஆ காட்டுங்கோ. துப்புங்கோ. நோகாது.
அதற்கு வெளியே போனால் சொற்கள் தீர்ந்துவிடும்.
"செவ்வாய் நான் மறந்த.
இனி நிக்காது எண்டு... வெச்ச."

சொல்லியிருக்கலாம்.
செம்பு பக்கத்தில் இருந்தால்
வருகிறதில் பாதியைத் தானே குடித்துச் சூடாகும்,
சுருளின் தாளத்தையும் குழப்பும் என்று.
எந்த மொழியில் என்பதல்ல சிக்கல்.
இரண்டு மொழியிலும் இரண்டுக்கும் ஒரே பெயர்.
டொக்டர் எந்த யந்திரத்தைச் சொன்னாரோ,
நான் கேட்கவில்லை.
இனோகா தகட்டுக்கு நீட்டிய கை
நீட்டியபடியே நின்றது.

பெட்டியில் ஃபெரைட் தாள் இருந்தது,
கறுப்பு, தடித்தது, உடையக்கூடியது.
காந்தப் புலத்தைத் தன்னோடு மடக்கி
கீழே கசிய விடாது.
தகட்டைத் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்தேன்,
மேலே கறுப்புத் தாள்,
அதன் மேலே தாங்கி,
அதன் மேலே கருவி.

அறிக்கையில் எழுதியது:
அருகில் உலோகம். இடைத்தாள் இடப்பட்டது.
தாளுக்குக் காசில்லை. பஸ் காசு மட்டும்.

பாணந்துறை ரயில் போனது.
மேசையில் கண்ணாடிகள் கிலுங்கின.
பச்சை வெளிச்சம் வருவதற்குப் பதினொரு விநாடி.
இனோகா கண்ணை மூடியிருந்தாள்.
நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.