சுழியத்துக்குக் கீழே

ஊலு நகரம், பிப்ரவரி. ஜன்னலுக்கு வெளியே
வெப்பமானியில் மைனஸ் பத்தொன்பது.
ஹில்காவின் மேசையில் தீப்பெட்டி அகலத்தில் ஒரு சர்க்யூட்,
அதன் மேல் இரண்டு மின்தேக்கிகள்:
ஒண்டுக்குடித்தனத்தில் வந்து தங்கிவிட்ட
தடித்த விருந்தாளிகள்.

வேலை என்னவோ காவல்தான்.
பாட்டை விட வேண்டும், தேங்கிய மின்னழுத்தத்தை மறிக்க வேண்டும்.
சிறிதாக்கினால் பாஸின் அடிக்குரலைத் தின்கின்றன,
பெரிதாக்கினால் மூடி மூடாது.
போதாததற்குச் சுவிட்சைத் தட்டும்போதெல்லாம்
காதில் ஒரு ‘டப்’.

போன வாரம் தரையையே
பாதி உயரத்துக்குத் தூக்கிப் பார்த்தாள்.
வெய்க்கோ அதை மடிக்கணினியில் செருக,
இரண்டு தரைகளும் மோதிச் சூடேறின.

இன்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
சுழியம்தான் தரை என்று இந்த ஊரில் யார் சொன்னது?
அதற்குக் கீழேதானே
சைக்கிள் ஓட்டுகிறோம், பால் வாங்குகிறோம்.

எள்ளளவு மின்தேக்கி ஒன்று
மேலே மொண்டு, தலைகீழாய்த் திரும்பி, கீழே ஊற்றுகிறது,
நொடிக்கு லட்சக்கணக்கான முறை.
மைனஸ் மூன்று வோல்ட் ஆழத்தில்
கிணறு ஊறிவிட்டது.
இனி அலை சுழியத்தின் இருபுறமும் ஆடலாம்.

விருந்தாளிகளைச் சாலிடர் உருக்கிக் கிளப்பினாள்.
ஹெட்ஃபோன். சுவிட்ச்.
‘டப்’ இல்லை.
பழுதோ என்று ஒரு கணம் பயந்தாள்.

அப்புறம், அடியிலிருந்து, பாஸ்.