மூன்று சொட்டு

வின்னிப்பெக்கில் இன்று
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
டாரியா வீட்டு நிலவறைத் தொட்டியில் மட்டும்
எப்போதும் இருபத்தைந்தரை.

பேருந்துப் பணிமனையிலிருந்து வந்ததும்
ஒரு கையுறையை மட்டும் கழற்றிவிட்டு
சிரிஞ்சில் ஏற்றுவாள்:
மாங்கனீசு ஒன்று, அயோடின் மூன்று சொட்டு.
கண்ணுக்குத் தெரியாத பசிக்குக்
கண்ணுக்குத் தெரியாத சோறு.

பவளம் வாய்திறந்து எதுவும் கேட்காது.
நுனி வெளுத்தால் இன்னும் ஒரு சொட்டு.
பிறகும் வெளுத்தால்
இன்னும் ஒன்று.

ஆய்வகத்துக்கு அனுப்பிய குப்பித் தண்ணீர்
தாளாகத் திரும்பி வந்தது.
அயோடின், கடலில் இருப்பதைப்போல் இரு மடங்கு.
துத்தநாகமும் ஏராளம்;
அதை அவள் ஊற்றியதே இல்லை.

தேடினாள்.
பம்புக்குப் பின்னால், எப்போதோ அவளே மாட்டிய கவ்வி
பூச்சு உதிர்ந்து
யாரும் அளக்காத தன் பங்கைக்
கரைத்துக்கொண்டிருந்தது.

வாளி வாளியாய் மேலே சுமந்து
கொல்லைப் பனியில் கொட்டுகிறாள்.
வேலிக்கு அப்பாலிருந்து எர்லிண்டா கேட்கிறாள்:
மீன் செத்துப்போச்சா?
இல்லை, கொஞ்சம் அதிகமாகக் கவனித்துவிட்டேன்.

கொட்டிய நீர் உடனே உறையவில்லை.
ஆவி பறக்க,
ஆயிரம் கிலோமீட்டருக்குக் கடலே இல்லாத மண்ணில்
சற்று நேரம்
உப்பு மணத்தது.