முப்பது பாகம்

ஐஸ் கம்பெனி முதலாளி
ஊட்டிக்கும் மேலே ஏதோ ஓர் ஊரில்
ட்ரௌட் மீனை இரு கையிலும் ஏந்தி
தொப்பியோடு நிற்கிற படம்
என் செல்லில் வந்து விழுந்தது.
பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அஞ்சாபுலி சொன்னார்:
"இத்துனூண்டு மீனுக்கு ஸ்வெட்டர் வேறயா."

தடைக்காலத்தின் பதினெட்டாம் நாள் அன்று.
வலை தைத்தாகிவிட்டது.
தைத்ததைப் பிரித்து மறுபடியும் தைத்தாகிவிட்டது.
குழாயடியில் என் முறைக்கு
இவர் போய் நிற்கிறார்,
பெண்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

நாமும் மலைக்குப் போய் மீன் பிடிப்போம் என்றேன்.
கடலூர்க்காரிக்குத் தெரிந்த மலை ஒன்றுதான்,
கேப்பர் மலை.
டவுன் பஸ்ஸில் இறங்கி நடந்தால் முடிந்தது.

செம்மண் ஏற்றம்.
ஜெயில் மதிலைத் தாண்டினால் முந்திரித் தோப்பு,
காலடியில் சருகு அப்பளமாய் நொறுங்குகிறது.
படகில் நிற்பதுபோல் காலை அகட்டி நடக்கிறார்,
இது எந்த நேரமும் ஆடலாம் என்று.
மூன்று இடத்தில் நின்றார்.
மூன்று இடத்திலும் செருப்பில் முள் என்றார்.

கல் வெட்டிய பள்ளம்தான் குளம்.
போன ஐப்பசி மழை அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது.
கரையில் ஒரு பையன்,
பெயரை இனிஷியலோடு சொன்னான்: கோ. இளவழுதி.
மூங்கில் குச்சி, நைலான் நரம்பு,
மயிலிறகுத் தண்டில் வெட்டிய தக்கை.
இவருக்கும் ஒரு குச்சி கொடுத்தான்.
"புழுவ நசுக்காம கோக்கணும் மாமா."
"சரிங்க" என்றார்
பதினாறு வயதில் படகேறிய என் புருஷன்.

தக்கை அசையவில்லை.
வெயில் அசைந்தது.
"கடல்ல மீன் புடிச்சிருக்கியா மாமா?"
"இல்லப்பா. எனக்குத் தண்ணின்னா பயம்."

என் பக்கம் திரும்பவில்லை.
நான் எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தின் நூலை
வெகுநேரம் அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

பையனுக்கு இரண்டு கெளுத்தி.
இவருக்குக் கடைசியில் ஒரு குறவை, விரல் நீளம்.
உள்ளங்கையில் வைத்து முகர்ந்தார்.
"உப்பே இல்ல."
சமைப்பதற்கு முன்பே குறை சொல்ல
இவரால்தான் முடியும்.

திரும்புகையில் மலை விளிம்பில் நின்றோம்.
கெடிலம், தென்னந்தலைகள், தண்ணீர்த் தொட்டி,
அதற்கும் அப்பால் கட்டிப்போட்ட படகுகள்,
அதற்கும் அப்பால் அது.
கண்ணைச் சுருக்கி உயரத்தை அளந்தார்.
"முப்பது பாகம் இருக்கும்" என்றார்.
கடலில் ஆழத்துக்குச் சொல்கிற அதே குரல்.
"நம்ம வீடு அடிச் சேத்துல கெடக்கு பாரு.
இங்கேருந்து வலை எறக்குனா
என்ன ஏறும்?"

சிரித்தேன். பாதியில் நின்றது.
ஒருதரம் கடலே வந்து
எங்கள் தெருவில் வலை போட்டு இழுத்தது.
ஏறியவர்களின் பெயரை
நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.
காற்று வந்தது,
முந்திரிப்பழ வாடையோடு.

பஸ் நிறுத்தத்தில் கேட்டார்,
இன்னும் எத்தனை நாளென்று.
நாற்பத்து மூன்று.
ஐஸ் கணக்கு எழுதுகிறவளுக்கு மனப்பாடம்.

மடியில் பாலித்தீன் பை.
எங்கோ ஓட்டை, தண்ணீர் ஒழுகித் தீர்ந்துவிட்டது.
பையை லேசாகத் தட்டினார்.
குறவை ஒருமுறை துள்ளி
அப்படியே கிடந்தது,
செவுளைத் திறந்து மூடியபடி.