முழங்கால் என்றேன்

எட்டு மணிக்குத்தான் டாக்டர் வீட்டுத் தொலைபேசி திறக்கும்.
எட்டு மணிக்கு நான் மேடேறிக்கொண்டிருப்பேன்
இருபத்தாறு பிள்ளைகளும் ஒரு டிராம்போன் பெட்டியுமாக.
எட்டே முக்காலுக்குக் கூப்பிட்டால்
இன்றைக்கு இடமில்லை, நாளை எட்டுக்குக் கூப்பிடுங்கள் என்பார்கள்.
நாளை எட்டுக்கும் அதே மேடு, அதே டிராம்போன்.

ஆகவே பிப்ரவரிப் பள்ளி விடுமுறை வரும்வரை
பொறுத்திருந்தது என் வியாதி
நல்ல பிள்ளையாய், கைகட்டி.

திங்கள். ஏழு ஐம்பத்தொன்பது.
சமையலறைக் கடிகாரத்தை நம்பாமல்
வானொலி மணியின் கடைசிச் சொட்டில் பொத்தானை அமுக்கினேன்.
நீங்கள் வரிசையில் பதினான்காவது.
இந்தக் கம்பிரியக் கடலோரத்தில்
ஊரே முந்நூறு புகைபோக்கிகள்தான்.
அந்தப் பதின்மூன்று பேரும் எங்கே ஒளிந்திருந்தார்கள்?
பதினொன்றில் தேநீர் போட்டேன்.
ஏழில் ஆறிப்போயிற்று.
மூன்றில் நாய் வெளியே போகவேண்டும் என்றது.

பிறகு ஜோலீன். குரலிலேயே தெரியும்.
"என்ன தொந்தரவு, ஸ்டான்லி?
கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறார் டாக்டர்."

ஜோலீன்,
போன வியாழன் உன் மகள் எல்ஸ்பெத்
சூளை நிறுத்தத்தில் மஞ்சள் மழைக்கோட்டோடு
கையை உயர்த்தி நின்றாள்.
பார்த்தேன். பார்த்துக்கொண்டே கடந்து போனேன்.
அங்கே ஒரு நிறுத்தம் இருப்பது என் தலையில் இல்லை.
பின்னிருக்கையிலிருந்து பிள்ளைகள் கத்தினார்கள்.
எதற்கென்று அரை மைல் வரை விளங்கவில்லை.

இதை உன்னிடமா சொல்வேன்?
"முழங்கால்" என்றேன்.
"இடதா, வலதா?"
யோசிக்க வேண்டியிருந்தது.
"இடது."
"பதினொன்று பத்து. பத்து நிமிடம், ஒரே ஒரு பிரச்சினை. சரியா?"

வாசல் திரை பிறந்த தேதி கேட்டது.
விரல் தடுமாறாமல் அடித்தேன்.
அதிலொரு சின்ன வெற்றி.
அதற்குள் ஜோலீன் நிமிர்ந்து பார்க்க
நொண்ட வேண்டும் என்ற நினைப்பு வந்து
நான்கு அடி நொண்டினேன்.
எந்தக் கால் என்று
நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் கவலைப்பட்டேன்.

எதிரே கட்டைவிரலில் கட்டோடு ஒருவர்.
மூக்கொழுகும் குழந்தை ஒன்று என் ஷூ நாடாவை ஆராய்ந்தது.
நான் நிறுத்தங்களை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன்:
தேவாலயம், மீன்கடை, இரட்டைப் பாலம்,
பிறகு
பிறகு
திரையில் என் பெயர்.

டாக்டர் அடெயிங்கா மடக்கினார், நீட்டினார், தட்டினார்.
"அறுபத்திரண்டு வயதுக்கு அருமையான முழங்கால்" என்றார்.
வாழ்க்கையில் ஒரு பாராட்டு இவ்வளவு கூசியதில்லை.
களிம்பு ஒன்று எழுதினார்.
நன்றி சொல்லி எழுந்து
கதவுப்பிடியில் கை வைத்தேன்.
குளிர்ந்த உலோகம். அங்கேதான் வாய் திறந்தது.

"வந்ததுதான் வந்தேன்,
இன்னொன்று."

விசைப்பலகையிலிருந்து அவர் கைகள் எழுந்தன.
சுவரில் பதினொன்று பத்தொன்பது.
வெளியே பதினொன்று இருபதுக்காரர் இருமினார்.
"உட்காருங்கள், மிஸ்டர் த்ரெல்கெல்ட்" என்றார்,
கதவை அவரே வந்து சாத்தினார்.

முதல் கேள்வியே
பஸ் சாவி எங்கே இருக்கிறது என்பதுதான்.
கோட்டுப் பையில் இருந்தது.
எடுத்துக் காட்டினேன், திருடியதைக் காட்டுவதுபோல.
பரிசோதனைகள் முடியும்வரை ஓட்டக்கூடாது.
தலையாட்டினேன்.
எதற்குத் தலையாட்டினேன் என்பது மறக்கவில்லை.

வெளியே வந்தபோது நொண்ட மறந்திருந்தேன்.
ஜோலீன் என் கால்களைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.
"அடுத்த முறைக்கு என்னவென்று எழுதட்டும்?"

"எல்ஸ்பெத்" என்றேன்.
"அன்றைக்கு ரொம்ப நனைந்துவிட்டாளா?"

எலியின் மேல் அவள் விரல் நின்றது.
அதற்கு முன்பே தெரியுமோ என்னவோ.
பதில் சொல்லாமல்
வியாழக்கிழமையில்
அடுத்தடுத்த இரண்டு கட்டங்களை
என் பெயரால் நிரப்பினாள்.