மூன்றேகால் அங்குலம்

கடிதத்தில் நான்கு முத்திரைகள் இருந்தும்
பையைத் திறக்கச் சொன்னான் கடற்படைக்காரன்.
வில்லைப் பெரிதாகக் கவனிக்கவில்லை.
கணைகளை எண்ணினான், ஆறு.
ஒன்றை எடுத்து வாலிலிருந்த சிறகைப்
பெருவிரலால் நெருடினான்.
கொல்லவோ?
இல்லை, திமிங்கிலத்தின் தோலில்
ஒரு நகத்தளவு எடுக்க.
எனக்குத் தெரிந்த சிங்களத்தில்
திமிங்கிலம் இருந்தது, நகம் இருந்தது,
எடுப்பதற்குத்தான் சொல் இல்லை;
என் கையையே கிள்ளிக் காட்டினேன்.

போன கிழமை முழுக்க சல்லிக் கரையில்
ரெஜிபோம் மீன்பெட்டியை மணலில் நட்டு
பத்துப் பாகம் தள்ளி நின்று எய்தேன்.
இரண்டங்குலச் சிறகு விறுவிறென்று போகும்,
காற்று அதைக் கண்டுகொள்ளாது.
முனை ஊசியாயிருப்பவர்களுக்கு அது போதும்.
என் கணைக்கு முனை ஒரு குழல்,
குழலுக்குப் பின் தடித்த மஞ்சள் வளையம்:
ஆழப் பாயாமல் தடுக்கவும்
பிறகு தண்ணீரில் மிதக்கவும்.
முகம் பருத்த அந்த உருப்படி
சின்ன வாலை மதிக்கவில்லை.
பாதி வழியில் நெளிந்து
பெட்டியில் பக்கவாட்டாய் மோதி விழுந்தது,
படலை தெரியாமல் வேலியில் முட்டிய மாடு.

நாலங்குலம் நெளியவில்லை.
பெட்டியின் நடுவில், நடுவில், நடுவில்.
அன்றைக்குக் கடல் எண்ணெய்போல் கிடந்தது
என்பதைக் குறிப்பேட்டில் நான் எழுதவில்லை.

இயந்திரம் பார்க்கும் நஸ்மில், மூதூர்க்காரன்,
என்னைவிட ஆறு வயது இளையவன்,
சிறகை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்துச் சொன்னான்:
"சுக்கான் பெரிசெண்டா நல்லந்தான் டொக்டர்.
காத்துக்கும் அது கைபிடிதானே."
நான் இன்னும் டொக்டர் இல்லை.
அதைத் திருத்தினேன், மற்றதை விட்டுவிட்டேன்.

கோணேசர் மலை பின்னால் சிறுத்து
கடலடிப் பள்ளத்தின் மேல் நீர் கறுத்த இடத்தில்
மூச்சு எழுந்தது,
ஒரு தென்னை உயரம்.
கூடவே எழுந்தது கச்சானும்.
முதுகு உருண்டது, உருண்டது,
முடியவேயில்லை;
கடைசியில் வந்த துக்கடாச் செட்டைக்குக் கீழே
குறி வைத்து விசையைத் தொட்டேன்.
கணை நேராகத்தான் போனது,
ஆனால் வேறொரு நேரில்.
அலைக்குள் மஞ்சள் ஒருமுறை தெரிந்தது.
அப்புறம் தெரியவில்லை.

அடுத்த மூச்சுக்குப் பன்னிரண்டு நிமிடம்.
நஸ்மிலின் மருந்துப் பெட்டிக் கத்தரியால்
சிறகுகளின் பின்மூலையைச் சீவினேன்,
மூன்றரை, மூன்றேகால்.
மூன்று சிறகும் ஒரே அளவாய் வரவேண்டும்;
படகு சம்மதிக்கவில்லை.
ஒன்று கொஞ்சம் கோணல்.
அந்தக் கோணலை வில்லின் தவாளிப்புக்குள்
கீழ்முகமாய்ப் படுக்க வைத்தேன்.

பட்டது. தெறித்தது. மிதந்தது.
குழலுக்குள் மஞ்சாடி விதையளவில்
கருநீலமாய் ஒரு துண்டு,
அடியில் நூல் கனத்துக்கு வெண்கொழுப்பு.
அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
நாங்கள்தான் கத்தினோம்.

இறங்குதுறையில் அதே ஆள்.
ஐந்து, என்றான். இன்னொன்று?
படிவம் ஒன்றை நீட்டினான்.
நிறம், மஞ்சள். நீளம், இருபது அங்குலம்.
சிறகு, நாலு என்று எழுதி
நாலை இரண்டுமுறை அடிக்கோடிட்டேன்.
தொலைந்த காரணம்: கச்சான்.

தமிழ் கொஞ்சம் வாசிப்பான் போல.
எழுத்துக்கூட்டி முடித்து நிமிர்ந்தான்.
கடற்கரையில் சுருளில் விற்கிற கச்சான்தான்
அவனுக்குத் தெரிந்த கச்சான்.
வறுத்ததா என்று கேட்டான்.
நான் வாயைக் குவித்து
அவன் கையிலிருந்த படிவத்தின் மேல் ஊதினேன்.