பதின்மூன்றாவது

போர்ட் பெர்ரி இறங்குதுறையில்
கணவன் திறந்த வெள்ளைக் கிண்ணத்து மூடியில்
பன்னிரண்டு என்று போட்டிருந்தது.
நான் எண்ணினேன். பதின்மூன்று.

எண்ணாமல் இருக்க முடிவதில்லை எனக்கு.
ஏப்ரல் தொடங்கி ஒக்டோபர் வரை
ஸ்ட்ராத்ராய் பக்கத்து மாட்டுப் புல்வெளிகளில்
இரவு பத்தரையிலிருந்து எண்ணுகிறேன்.
கணுக்காலில் கட்டிய இரண்டு தகரப் பேணி:
ஒன்றில் மரத்தூள், மற்றதில் புழு.
நெற்றியில் சிவப்பு விளக்கு.
வெள்ளை வெளிச்சம் பட்டால் உள்ளே போய்விடும்,
காலடி அதிர்ந்தாலும் போய்விடும்.
அறுபது பேர் ஒரு வயலில்
கள்ளர்போல் நடப்போம்.

பாதி உடம்பு மண்ணுக்குள்.
வெடுக்கென்று இழுத்தால் அறும்;
அறுந்ததுக்குக் காசில்லை.
விரலை இறுக்காமல், விடாமல்
ஒரு மூச்சு பொறுக்கவேணும்.
அது களைத்து மண்ணை விடுகிற இடம்
விரலுக்குத் தெரியும்.
அடுத்த வரிசை லாவோஸ்காரி கம்பாவுக்கு
இருபத்திரண்டு வருசமாய்த் தெரியும்.
வானில் ஏறும்போதும்
அவள் முழுசாய் நிமிர்வதில்லை.

பள்ளிக்கூடத்தில்
நாக்கிளிப்புழுவைத் தட்டில் வைத்து அறுக்கச் சொன்ன அன்று
மயங்கி விழுந்தவள் நான்.

ஆயிரத்துக்கு முப்பது டொலர்.
பன்னிரண்டுக்கு முப்பத்தாறு சதம்.
பெட்ரோல் செட்டில் இந்தக் கிண்ணம்
ஐந்து தொண்ணூற்றொன்பது.
சொன்னேன்.
"தூண்டில் போடுற இடத்தில கணக்குப் பேசாதை,
மீன் போயிடும்" என்றான்,
சட்டைக்குப் பொத்தான் தைக்கிறவன்போல்
நாக்கைக் கடித்தபடி
கொளுக்கியில் ஒன்றைக் கோர்த்துக்கொண்டு.
அது சுருண்டு அவன் பெருவிரலைச் சுற்றியது.
நான் தண்ணீரைப் பார்த்தேன்.

மூன்று மணித்தியாலம்.
உள்ளங்கை அளவில் இரண்டு பேர்ச்.
புழு ஒன்பது செலவு.

மூடியின் கணக்கில் இல்லாததை மட்டும்
கார் தரிப்பிடத்து ஓரப் புல்லில் விட்டேன்.
இறங்கும் என்று நின்றேன்.
இறங்கவில்லை. வெயிலில் கிடந்தது.
புல்லைக் கிள்ளி மேலே போட்டேன்.
ரொபின் குருவி ஒன்று மூன்று தத்தில் வந்து
தலையைச் சரித்து
என்னைப் பொருட்படுத்தாமல் எடுத்தது.
வெடுக்கென்று. ஆனால் அறவில்லை.

திரும்பும்போது மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது.
ஃபோன். வான்காரன்.
"இண்டைக்கு நல்ல ஈரம். ஏழரைக்கு
மார்க்கம் வீதியில் நில்."

நேரே அங்கேயே இறக்கிவிடவா என்று கணவன் கேட்டான்.
பேணிகள் காரின் பின்னால்தான் கிடந்தன,
ஒன்றுக்குள்
அவனுடைய இரண்டு மீனும்.