வடகரையில் நாலு ஏக்கர்

தாலுகா ஆபீசிலிருந்து பாரம் வந்திருக்கிறது.
ஊர் வரலாறு: பத்து வரிக்குள்.
சிறப்புகள்: ஐந்து வரி போதும்.

'வெண்ணாம்பட்டு, பாலாற்றின் தென்கரை'
என்று தொடங்கினேன். பேனா அங்கேயே நின்றுவிட்டது.
பதிவேட்டில் நமக்கு நாலு ஏக்கர்
வடகரையில் இருக்கிறது.

ஒரு ஐப்பசி ராத்திரி ஆறு
தூக்கத்தில் புரள்கிறவனைப் போல
தெற்கே புரண்டு படுத்ததாம்.
துளுக்காணத்தின் கேழ்வரகுக் கொல்லை
விடிந்தபோது அக்கரை.
வேலூர் கோர்ட்டில் பதினேழு வருஷம்.
எதிர்க்கட்சி வக்கீல் மடக்கினார்:
நிலம் ஆற்றைத் தாண்டியதா,
ஆறு நிலத்தைத் தாண்டியதா?
பதில், தீர்ப்பு நகலில் அப்படியே இருக்கிறது:
"நான் தூங்கிக்கினு இருந்தேன் சாமி."

இதைப் பத்து வரிக்குள் எப்படிச் சொல்ல?

சிறப்புகள்.
மணலைப் பிளந்து இழுத்த ஊற்றுக்கால் ஒன்று.
மாசியில் வீட்டுக்கு ஒரு மண்வெட்டி இறங்க வேண்டும்,
இறங்காத வீட்டுக்கு எட்டணா அபராதம்.
அபராத நோட்டு என் பீரோவில்.
கால்வாய் எங்கேயென்று யாருக்கும் தெரியவில்லை.
பழைய பாலத்தின் மூன்றாம் தூணில்
ஒரு வெள்ளைக்கார எஞ்சினீயர் செதுக்கிய கோடு,
வெள்ளம் தொட்ட உயரம்.
கோட்டுக்குக் கீழே 'சுபஹான் பிரியாணி, ஆர்டர் எடுக்கப்படும்'.
அதற்கும் கீழே, கரியில் மூன்று ஸ்டம்பு.
முள்ளுக்கத்தரிக்காய்.
(இதற்குத் தனி வரி கொடுத்தாக வேண்டும்.)

நீர் ஆதாரம் என்றொரு கட்டம்.
எனக்கு முன் இருந்தவர் 'லாரி' என்று எழுதி
அடித்து, 'ஆறு' என்று திருத்தியிருக்கிறார்.

போன கார்த்திகையில் வந்தது.
முதலில் வாடை, தோல் ஷாப் கழிவும் செம்மண்ணும் கலந்து.
பிறகு நுரை. பிறகு சத்தம்.
வார்டு மெம்பர் நவநீதம்
மைக்கில் எச்சரித்துக்கொண்டே
கரையோரம் ஓடிப்போய்ப் பார்த்தாள்.
ஊரே பார்த்தது.
ஸ்டம்பு போயிற்று, பிரியாணி போயிற்று,
கோட்டுக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் நின்றது.
ஒன்பது நாள். பத்தாம் நாள் மணல்.

மறுவாரம் ஏகாம்பரம் ஆபீசுக்கு வந்தான்,
துளுக்காணத்தின் கொள்ளுப்பேரன்,
அக்கரைக் கொல்லைக்கு இன்றும் வரி கட்டுகிறவன்.
"ஆறு திரும்பப் புரண்டுச்சின்னா
கொல்ல நம்ம கரைக்கு வந்துடுமா மேடம்?"

சர்வேயரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.
சர்வேயர் சிரித்தார்.

நீர் ஆதாரம்: ஆறு.
மையில் எழுதினேன்.
வடக்கு எல்லை: ஆறு.
அதைப் பென்சிலில்.